டஸ்கீகியின் எல்லை

ஊருக்கு எல்லை உண்டு. வடக்கே ஆறு, தெற்கே வயல், கிழக்கே ஓடை, மேற்கே காடு என இயற்கையே சில ஊர்களுக்கு எல்லை வகுத்துத் தருகின்றது. இயற்கை வகுக்காத இடத்தில் அரசு அளவுகல் நாட்டி எல்லை வகுக்கின்றது. அந்த எல்லைக்குள் வாழ்வோர் ஊரார். அப்பால் வாழ்வோர் அயலார். எல்லைக்கோடு வரைவது அரிய செயல் அன்று. கையில் ஒரு வரைபடமும் எழுதுகோலும் இருந்தால் போதும். ஆயினும், அக்கோடு சற்றே விலகுமாயின், நேற்றுவரை ஊராராய் இருந்தவர் இன்று அயலாராய் நிற்க நேரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கீகி என்னும் சிறு நகரம் இவ்வுண்மையைத் தன் வரலாற்றில் பட்டறிந்த ஊராகும்.

அமெரிக்க மாநிலங்கள் பல உட்பிரிவுகளை உடையன. பெரும்பாலான மாநிலங்களில் அவ்வுட்பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். வழக்குமன்றம், நிலப்பதிவு அலுவலகம், வரி அலுவலகம், சிறைச்சாலை ஆகியவை எந்த ஊரில் உள்ளனவோ அந்த ஊரே கவுண்டியின் தலைநகர். தென் மாநிலங்களில் இத்தகைய தலைநகர்களுள் பல ஏறத்தாழ ஒரே சாயலில் அமைந்தவை. ஊரின் நடுவே ஒரு சதுரத் திடல் இருக்கும். திடலிலோ அதன் ஓரத்திலோ மணிக்கூண்டுடன் கூடிய வழக்குமன்றம் உயர்ந்து நிற்கும். நாற்புறமும் கடைகளும் வங்கியும் சூழ்ந்திருக்கும். சுற்றுப்புறத்து உழவர்கள் வழக்குக்கும் வாணிகத்துக்கும் அத்திடலுக்கே வந்து செல்வர். மேக்கன் கவுண்டியின் தலைநகராகிய டஸ்கீகியும் இத்தகைய ஊரே. மாநிலத் தலைநகராகிய மாண்ட்கமரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில் அது அமைந்துள்ளது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழும் மக்கள் பதினாயிரம் பேரினும் குறைந்தவரே.

டஸ்கீகி அமைந்த நிலம் இரு வகை மண் கூடும் இடமாகும். ஊருக்கு வடக்கே தாலபூசா ஆறு ஓடுகின்றது. ஊரைச் சூழ்ந்து மணற்பாங்கான மேடுகளும், தேவதாரு இனத்து ஊசியிலை மரங்களும், செம்மண் சரிவுகளும் காணப்படும். தெற்கே சென்றால் நிலம் தாழ்ந்து, மண் கறுத்து, பரந்த சமவெளியாக விரியும். அலபாமாவின் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு பட்டைபோல் நீண்டு கிடக்கும் இக்கரிசல் நிலத்தைக் ‘கருநிலப் பட்டை’ என்று பொருள்படும் பெயரால் அந்நாட்டார் அழைப்பர். பருத்திக்கு மிகவும் ஏற்றது அந்த மண். பருத்தியினால் அந்நாட்டுக்குச் செல்வம் வந்தது. அப்பருத்தியை எடுக்க அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். ஆகவே மண்ணின் நிறத்தால் எழுந்த அப்பெயர், காலப்போக்கில் அங்கு மிகுதியாக வாழ்ந்த கறுப்பின மக்களையும் குறிப்பதாயிற்று. நிலத்தின் இயல்பு மக்களின் வாழ்வை எவ்வளவு ஆழமாக உருவாக்குகின்றது என்பதற்கு இப்பெயர் ஒன்றே சான்று.

அடிமைகளும் பருத்தியும் வருவதற்கு முன்னர், அந்நிலம் மஸ்கோகி எனப்படும் பழங்குடி மக்களுக்கு உரியதாயிருந்தது. கிரீக் மக்கள் என்று வெள்ளையர் அவர்களை அழைத்தனர். ஆற்றங்கரைகளில் ஊர் அமைத்து, சோளம் விளைத்து, வேட்டையாடி அவர்கள் வாழ்ந்தனர். டாஸ்கிகி என்பது அவர்களுடைய ஊர்களுள் ஒன்றன் பெயர். அப்பெயரே திரிந்து டஸ்கீகி என்றாயிற்று. 1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள், கசீட்டா உடன்படிக்கையின்படி, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே எஞ்சியிருந்த தங்கள் நிலத்தை அம்மக்கள் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். குடும்பத்துக்கு ஒரு பங்கு நிலம் உண்டு என்று உடன்படிக்கை கூறிற்று. நில வாணிகர் பலர் வஞ்சகத்தால் அப்பங்கினையும் கவர்ந்துகொண்டனர். உடன்படிக்கையான அதே ஆண்டு டிசம்பரில் அந்நிலத்தின் ஒரு பகுதி மேக்கன் கவுண்டியாக அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1833-இல், கிரீக் போரில் ஈடுபட்டிருந்த தாமஸ் உட்வர்டு என்பவர் டஸ்கீகி நகரத்தை நிறுவினார். 1836-இல் கிரீக் மக்கள் படைவலியால் மேற்கே, இன்று ஓக்லகாமா என வழங்கும் நிலப்பகுதிக்கு, வெளியேற்றப்பட்டனர். ஊரின் பெயர் நின்றது. பெயருக்கு உரியவர் நிற்க இயலவில்லை. டஸ்கீகியின் மண்ணில் மக்களை விலக்குவதற்காக வரையப்பட்ட முதற்கோடு இதுவேயாகும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பருத்தி அரசோச்சியது. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865-இல் போர் முடிந்தது. அடிமை முறையும் முடிந்தது. ஆயின், விடுதலை பெற்றோர்க்கு நிலம் இல்லை, கருவி இல்லை, கல்வி இல்லை. அவர்கள் பிறர் நிலத்தில் விளைவைப் பங்கிட்டு உழுது, கடனில் பிறந்து கடனிலேயே மடிந்தனர். பருத்தியையே ஆண்டுதோறும் தாங்கிய மண்ணும் அவர்களைப் போலவே சோர்ந்து வறிதாயிற்று. மேல்மண் மழையில் கரைந்து, சரிவுகளில் பள்ளங்கள் விழுந்தன.

இந்நிலையில் ஊரில் இருவர் ஒரு நற்செயலுக்குத் துணையாயினர். ஒருவர் லூயிஸ் ஆடம்ஸ். முன்னாளில் அடிமையாய் இருந்தவர். தகர வேலையில் வல்லவர். மற்றவர் ஜார்ஜ் கேம்பல். முன்னாளில் அடிமைகளை உடையவராய் இருந்த வாணிகர். 1880-ஆம் ஆண்டுத் தேர்தலில் கறுப்பின மக்களின் வாக்கைப் பெறும்பொருட்டு, சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் ஆடம்சை நாடினார். தம் நலம் எதையும் ஆடம்ஸ் வேண்டவில்லை. தம் மக்களுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று வேண்டும் என்றார். வாக்கின் வலிமையை நன்கு உணர்ந்த அப்பெரியாரின் வேண்டுகோள் பலித்தது. மாநிலச் சட்டமன்றம் ஆசிரியர் ஊதியத்துக்காக ஆண்டுக்கு 2,000 டாலர் வழங்க இசைந்தது. பள்ளியை நடத்த விர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் கல்வி நிலையத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அடிமைக் குடிலில் பிறந்து, சுரங்கத்தில் உழைத்து, கல்வி தேடி நெடுவழி நடந்த புக்கர் வாஷிங்டன் என்பவரே அவ்விளைஞர்.

வாஷிங்டன் வந்து பார்த்தபோது ஊதியத்துக்குப் பணம் இருந்தது. பள்ளிக்கு இடம் இல்லை. 1881-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள், பட்லர் சேப்பல் என்னும் கறுப்பினத்தார் கிறித்தவக் கோவிலை ஒட்டிய பாழடைந்த குடிசையில் 30 மாணவர்களுடன் பள்ளி தொடங்கிற்று. கூரை பழுதுற்றிருந்தமையால், மழை பெய்யும்போது மூத்த மாணவர் ஒருவர் எழுந்து ஆசிரியரின் தலைக்குமேல் குடை பிடிக்க, ஆசிரியர் மற்றவர்களிடம் பாடம் கேட்பாராம். சில மாதங்களில், ஊரிலிருந்து ஒரு மைல் தொலைவில் கைவிடப்பட்டுக் கிடந்த 100 ஏக்கர்ப் பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. வாஷிங்டன் கடன் வாங்கி அதனைக் கொண்டார். பண்ணையின் பெரிய மாளிகை எரிந்துபோயிருந்தது. எஞ்சியிருந்த குதிரைக் கொட்டிலும் கோழிக்கூடுமே வகுப்பறைகள் ஆயின.

கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டும். ஊரில் செங்கற் சூளை இல்லை. மண்ணோ காலடியிலேயே இருந்தது. மாணவர்கள் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி மண் பிசைந்தனர். சூளை வைக்கும் தொழிலைச் செவ்வனே அறிந்தவர் எவரும் இலர். 25,000 செங்கற்களை அடுக்கிச் சுட்ட முதற்சூளை பழுதாயிற்று. இரண்டாம் சூளையும் பழுதாயிற்று. மூன்றாம் சூளை வேகும் தறுவாயில் நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் ஒரு டாலரும் இல்லாத நிலையில், வாஷிங்டன் மாண்ட்கமரி நகருக்குச் சென்று தம் கைக்கடியாரத்தை—சங்கிலியில் தொங்கவிட்டு வைத்துக்கொள்ளும் அந்நாளைய கடியாரத்தை—15 டாலருக்கு அடகு வைத்தார். அப்பணத்தைக் கொண்டு வைத்த நான்காம் சூளை நன்கு வெந்தது. அடகு வைத்த பொருளை மீட்க உரிய காலம் கடந்துவிட்டது. கடியாரம் போயிற்று, கல்லூரி நின்றது.

அச்செங்கல் மற்றொரு நன்மையையும் செய்தது. பள்ளியின்பால் அன்பில்லாத வெள்ளையரும், நல்ல செங்கல் அங்கே கிடைக்கின்றது என்று கேள்வியுற்று வாங்க வந்தனர். வாங்க வந்தவர் பேசினர், பேசியவர் பழகினர். உழைப்பின் பயனை எவரும் வெறுப்பதில்லை என்பதை வாஷிங்டன் இதனால் அறிந்தார். உழைப்பினால் மதிப்பு வரும், மதிப்பினால் உரிமை வரும் என்று அவர் நம்பினார். உரிமையைக் கேட்டுப் போராடுவதை அவர் பின்னுக்குத் தள்ளினார் என்று அவர் காலத்தறிஞர் சிலர் குறை கூறியதும் உண்டு. அந்தக் குறையில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதைப் பின்னர் அதே ஊரின் வரலாறே காட்டிற்று. 1915-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் வாஷிங்டன் டஸ்கீகியில் மறைந்தார்.

அவர் அழைத்து வந்த அறிஞருள் தலையாயவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். 1896-இல் வந்த அவர் 1943-இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். சோர்ந்த மண்ணுக்கு மருத்துவர் என அவரைக் கூறுதல் பொருந்தும். ஓயாது பருத்தியையே விதைத்தால் மண் சத்திழக்கும். நிலக்கடலையும் பயறும் மாற்றி விதைத்தால், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்க்கும் என்று அவர் ஏழை உழவர்க்கு எளிய மொழியில் விளக்கினார். கல்லூரிக்கு வர இயலாத உழவரைத் தேடி, 1906 முதல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி ஒன்று சிற்றூர்தோறும் சென்றது. உழவால் நைந்துபோன நிலங்கள் பலவற்றைப் பின்னர் 1930-களில் அரசு விலைக்கு வாங்கி மரம் வளர்த்தது. அவையே இன்று டஸ்கீகி தேசியக் காடாக விளங்குகின்றன. 1959-இல் அப்பெயர் பெற்ற அக்காடு, ஏறத்தாழ 11,000 ஏக்கர் பரப்புடையது. அமெரிக்கத் தேசியக் காடுகளுள் அதுவே மிகச் சிறியது. மனிதன் புண்படுத்திய நிலத்தை மனிதனே ஆற்றவும் கூடும் என்பதற்கு அது பசுமையான சான்று.

டஸ்கீகி கல்வி நிலையம் ஆண்டுதோறும் வளர்ந்தது. 1923-இல் அதன் அண்மையில், போரில் பணியாற்றிய கறுப்பினத்தாருக்கென அரசு ஒரு பெரிய மருத்துவமனை அமைத்தது. கறுப்பினத்தார்க்கு விமானம் ஓட்டும் திறன் இல்லை என்று படைத்துறையில் பலர் கருதிய காலத்தில், 1941-ஆம் ஆண்டு டஸ்கீகியில் போர் விமானப் பயிற்சி தொடங்கிற்று. 1946-க்குள் ஏறத்தாழ ஆயிரம் விமானிகள் அங்கே பயிற்சி பெற்றனர். ஐரோப்பாவின் வானில் அவர்கள் பெற்ற வெற்றி, பழைய கருத்தைப் பொய்யாக்கியது. பேராசிரியரும் மருத்துவரும் விமானிகளும் வாழும் ஊர் என்று உலகம் டஸ்கீகியைப் புகழ்ந்தது.

ஆயினும், கல்வி நிலையத்துக்கும் வழக்குமன்றத் திடலுக்கும் இடையே உள்ள ஒரு மைல் வழி, நடந்து கடக்க எளியதாயினும் உரிமையால் கடக்க அரியதாய் இருந்தது. திடலில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னகப் படைவீரனின் கற்சிலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நின்றது. கல்வி நிலையத்திலோ, மண்டியிட்ட ஒருவரின்மீது கிடந்த அறியாமைத் திரையை வாஷிங்டன் விலக்கும் சிலை 1922 முதல் நின்றது. ஓர் ஊரில் இரு சிலைகள், இரு உலகங்கள். வாக்காளராய்ப் பதிவு செய்துகொள்ள விரும்பிய கறுப்பினத்தார் வழக்குமன்றத்துக்கு வந்தால், பதிவாளர் அன்று இல்லை என்பர். இருந்தாலும் மெல்ல மெல்ல ஒவ்வொருவராக அழைப்பர். எழுதிய படிவத்தில் சிறு பிழை கண்டு தள்ளுவர். எழுதப் படிக்கக் கற்பிக்கும் பேராசிரியர்களே எழுத்தறிவுத் தேர்வில் தவறினர் என்று திருப்பி அனுப்பப்பட்டனர். சமூகவியல் பேராசிரியராகிய சார்லஸ் கோமில்லியன் என்பவர் 1928-இல் டஸ்கீகிக்கு வந்தவர். அவர் வாக்காளராகப் பதிவு பெற்றது 1939-இல்தான்.

கோமில்லியன் சினந்து பேசுபவர் அல்லர். சோர்ந்து நிற்பவரும் அல்லர். 1941-இல் டஸ்கீகி குடிமக்கள் சங்கம் உருவாயிற்று. அதன் தலைவராயிருந்து, மறுக்கப்பட்டவரை மீண்டும் மீண்டும் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினார் அவர். பதினைந்து ஆண்டுகள் இடைவிடாது முயன்றதன் பயனாக, நகர எல்லைக்குள் ஏறத்தாழ 400 கறுப்பினத்தார் வாக்குரிமை பெற்றனர். நகரில் அந்நாளில் கறுப்பினத்தார் சுமார் 5,400 பேர். வெள்ளையர் சுமார் 1,300 பேர். வெள்ளை வாக்காளர் சுமார் 600 பேரே. இன்னும் சில ஆண்டுகள் சென்றால் நகராட்சி தம் கையை விட்டு நழுவும் என்று வெள்ளையருள் பலர் அஞ்சினர்.

அச்சம் ஒரு சூழ்ச்சியை ஈன்றது. வாக்காளரை நீக்க இயலாவிடின், அவர் வாழும் தெருவையே நகரத்திலிருந்து நீக்கிவிடலாம் அல்லவா? 1957-ஆம் ஆண்டு அலபாமா சட்டமன்றம் டஸ்கீகி நகர எல்லையைத் திருத்தி ஒரு சட்டம் இயற்றிற்று. அதுவரை நகரின் வடிவம் சதுரம். புதிய எல்லையோ 28 பக்கங்களை உடைய கோணல் வடிவம். வீட்டை விலக்கி, தெருவைச் சுற்றி, மூலைக்கு மூலை திரும்பி அக்கோடு ஓடிற்று. அதன் விளைவாக 400 கறுப்பின வாக்காளருள் நால்வர் ஐவர் நீங்கலாக அனைவரும் நகருக்குப் புறத்தே தள்ளப்பட்டனர். வெள்ளை வாக்காளர் ஒருவரேனும் வெளியே தள்ளப்படவில்லை. வாஷிங்டனின் மாணவர்கள் சேற்றில் இறங்கிச் செய்த செங்கற்களால் எழுந்த கல்வி நிலையமும், எந்நகரின் பெயரை உலகறியச் செய்ததோ அந்நகரின் எல்லைக்கு வெளியே கிடந்தது.

மக்கள் திகைத்தனர், ஆனால் கல் எறியவில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 25-ஆம் நாள் மாலை, 76 ஆண்டுகளுக்கு முன்பு பள்ளி தொடங்கிய அதே பட்லர் சேப்பல் கோவிலில் அவர்கள் திரண்டனர். கோவில் கொள்ளாமல் மக்கள் வெளியே நின்றனர். தங்களை ஊரார் என ஏற்காதவரிடம் பொருள் வாங்குவதில்லை. நண்பரிடமே வாங்குவது என்று முடிவு செய்தனர். எவர் கடையையும் அவர்கள் மறிக்கவில்லை. எவரையும் வைது பேசவில்லை. உப்பு வாங்கவும் துணி வாங்கவும் அயலூர்களுக்குச் சென்றனர். திடலைச் சுற்றியிருந்த கடைகளில் கூட்டம் ஒழிந்தது. பல கடைகள் மூடப்பட்டன. அம்முயற்சியைத் தடுக்க மாநில அரசு வழக்குத் தொடுத்தும் வெற்றி காணவில்லை. கோட்டுக்கு வெளியே தள்ளியவரே, வெளியே தள்ளப்பட்டவரின் காசினால்தான் தாம் வாழ்ந்து வந்ததை அப்போது உணர்ந்தனர்.

மறுபுறம் வழக்கும் நடந்தது. கோமில்லியனும் மற்றவர்களும் நகரத் தலைவர் லைட்ஃபுட் முதலியோர்மீது தொடுத்த வழக்கை முதல் மன்றம் தள்ளிற்று; மேல்முறையீட்டு மன்றமும் தள்ளிற்று. ஊர் எல்லையை வகுப்பது அரசின் உரிமை. அதில் நீதிமன்றம் தலையிடுவதற்கில்லை என்பதே அம்மன்றங்களின் கருத்து. 1960-ஆம் ஆண்டு அக்டோபரில் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. வழக்கறிஞர் ஃபிரெட் கிரே அப்போது முப்பது வயதும் நிரம்பாதவர். பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாருக்காக 1955-இல் வாதாடியவரும் அவரே. அவ்வம்மையார் 1913-இல் டஸ்கீகியில் பிறந்தவர் என்பதும் நினைக்கத்தக்கது.

கிரே தம்முடன் ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டு சென்றார். அதில் பழைய சதுரமும் அதனுள் புதிய கோணல் வடிவமும் தெளிவாய்த் தெரிந்தன. நீதிபதிகளுள் ஒருவராகிய ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், அரசியல் எல்லை வகுப்பில் நீதிமன்றம் புகலாகாது என்று 1946-இல் எழுதியவர். அவர் அந்தப் படத்தை நோக்கி, டஸ்கீகி கல்வி நிலையம் அதில் எங்குள்ளது என்று வினவினார். அது நகர எல்லைக்குள் இல்லை, வெளியே தள்ளப்பட்டுள்ளது என்று கிரே விடை கூறினார். நூறு சான்றுகள் விளக்க வேண்டிய உண்மையை அந்த ஒரு விடை விளக்கிற்று. டஸ்கீகியில் டஸ்கீகி இல்லை என்பதைக் காட்டிலும் பெரிய சான்று வேண்டுமோ?

1960-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. வாஷிங்டன் மறைந்து சரியாக 45 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக மக்கள் பக்கமே நின்றனர். தீர்ப்பை எழுதியவர் ஃபிராங்க்ஃபர்ட்டர். எல்லை வகுக்கும் உரிமை அரசுக்கு உண்டு. நிறம் காரணமாக வாக்குரிமையைப் பறிக்கும் கருவியாக அவ்வுரிமையைக் கொள்ளுதல், அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தத்துக்கு மாறானது என்பது அதன் சாரம். அந்தக் கோணல் வரைபடமும் தீர்ப்புடன் இணைக்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதிய எல்லை செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, நகரம் மீண்டும் சதுரமாயிற்று. 1964-இல் கறுப்பினத்தார் இருவர் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1966-இல் லூசியஸ் ஆமர்சன் என்பவர் மேக்கன் கவுண்டியின் காவல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972-இல் ஜானி ஃபோர்டு நகரத் தலைவரானார்.

கோடு அழிந்த அளவில் துன்பமெல்லாம் அழிந்தது என்று கருதலாகாது. 1963-ஆம் ஆண்டு செப்டம்பரில் டஸ்கீகி உயர்நிலைப்பள்ளியில் கறுப்பின மாணவர் 13 பேர் நீதிமன்ற ஆணையின்படி சேர்ந்தபோது, ஆளுநர் காவற்படையை அனுப்பிப் பள்ளியை மூடுவித்தார். பள்ளி மீண்டும் திறந்ததும் வெள்ளை மாணவர்கள் அதை விட்டு நீங்கினர். நாளடைவில் அவர்தம் குடும்பங்களுள் பல ஊரையே விட்டு நீங்கின. இதனினும் கொடிய செய்தி 1972-இல் வெளிப்பட்டது. 1932 முதல் 40 ஆண்டுகள், அரசின் பொதுச் சுகாதாரத் துறை மேக்கன் கவுண்டியின் ஏழைக் கறுப்பினத்தார் 600 பேரை ஓர் ஆய்வுக்கு உட்படுத்தியிருந்தது. அவருள் 399 பேர் மேக நோய் உற்றவர். உண்மையான நோக்கத்தை அவர்களுக்கு எவரும் கூறவில்லை. பெனிசிலின் என்னும் நன்மருந்து கிடைத்த பின்னரும் அதனை அளிக்காமல், நோயின் போக்கை மட்டும் குறித்து வந்தனர். கல்வி நிலையத்தின் பெயரும் மருத்துவமனையும் அதற்குப் பயன்பட்டன. வரைபடத்தில் காணாத கோடு இது. மனிதரை மனிதர் அல்லர் எனப் பிரித்த கோடு. அம்மக்களுக்காக வழக்காடியவரும் ஃபிரெட் கிரே அவர்களே. 1997-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன், உயிருடன் எஞ்சிய முதியோர் சிலரிடம் நாட்டின் சார்பில் மன்னிப்பு வேண்டினார்.

இன்று டஸ்கீகியில் வழக்குமன்றத் திடலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்பவர், ஒரு மைல் நடந்ததும் செங்கற் கட்டடங்களைக் காணலாம். 1985-இல் பல்கலைக்கழகமான அந்நிலையத்தில், மாணவர் சுட்ட செங்கல்லால் எழுந்த பழைய கட்டடங்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. நான்காம் சூளையின் நெருப்பு என்றோ அவிந்தது. அது சுட்ட கல் அவியவில்லை. அக்கல்லைச் செய்தவர்களின் பேரர்கள் தங்கள் வாக்குக்காக அத்தகைய பொறுமையுடனேயே நின்றனர். மூன்று சூளை சரிந்தும் நான்காவது சூளைக்கு மண் பிசைந்த கைகளும், மும்முறை தள்ளப்பட்டும் நான்காம் முறை படிவம் நிரப்பிய கைகளும் ஒரே குலத்தன.

ஊரின் எல்லையை ஆள்வோர் வரைபடத்தில் வகுக்கலாம். ஊர் யாருடையது என்பதை வகுப்பவர், அந்த மண்ணைப் பிசைந்து, விதைத்து, காத்து, அதன்பொருட்டு நடந்தவரே ஆவர். டஸ்கீகியின் பெயரை மட்டும் விட்டுச் சென்ற மஸ்கோகி மக்களையும் அவ்வூர் மறக்கலாகாது. அவர்களுக்கு அன்று வழக்காட ஒரு கிரே இலர். படம் பார்த்து வினவ ஒரு நீதிபதி இலர். புதிதாய் ஓர் எல்லைக்கோடு வரையப்படும் இடத்திலெல்லாம், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று ஒருவர் எழுந்து கேட்டல் வேண்டும். அவ்வினா எழும் ஊரில் கோடு நெடுநாள் கோணலாய் இராது.